பொடியன் போன பதினோரு நாள்

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் காலையில், லாயத்தம்மா வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"பொடியனையும் கூட அனுப்பிடலாங்களா?"

ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் அவர்களுடைய குதிரையேற்றப் பள்ளி இருந்தது. பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மரவேலி போட்ட ஒரு மைதானம், தகரக் கூரை போட்ட லாயம், அதை ஒட்டியே வீடு. குதிரை ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் அவள் வீட்டுக்காரரை எல்லோரும் வாத்தியார் என்றார்கள். தீவனம் கலப்பது, தண்ணீர் காட்டுவது, லத்தி அள்ளுவது, குளம்பு சுரண்டுவது, வாத்தியார் கோபமாகப் பேசி அனுப்பிய ஆட்களிடம் நயமாகப் பேசித் திரும்ப வரவழைப்பது எல்லாம் அவள் வேலை. அவளுக்கு லாயத்தம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது.

குதிரைகள் மொத்தம் ஏழு. பழுப்பு நிறத்தில் கனத்த உடம்போடு ஒரு பெட்டை, அது பெரியம்மா. அதுதான் முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும், மற்றவை காத்திருக்க வேண்டும். காகம் பறந்தாலும் ஆட்சேபம் தெரிவித்துக் கனைக்கும் கறுப்பன் வக்கீல். வெள்ளை வெளேரென்று, நடையிலேயே ஒரு மிடுக்கோடு திரியும் அழகன் மாப்பிள்ளை. பிறகு இன்னும் மூன்று. கடைசியில் பொடியன். அவன் மட்டக்குதிரை. மற்றவற்றின் வயிற்றுக்கடியில் புகுந்து போய்விடுவான் போல அவ்வளவுதான் உயரம். பெயர்தான் பொடியன், வயது இருபத்தாறு. அவன் மேல் யாரும் ஏறி ஏழு வருடம் ஆகிவிட்டது. பல் தேய்ந்ததால் தவிட்டை நனைத்துக் கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். மற்ற குதிரைகள் உழைத்துக்கொண்டிருக்கும்போது அவன் வாசல் படலோரம் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆனால் மகள் முதன்முதலில் ஏறி உட்கார்ந்தது அவன் முதுகில்தான். பரீட்சைக்குப் படித்தது அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான். இரண்டு மணி நேர பஸ் பயணத் தொலைவில், தெரியாத மனிதர்கள் நிறைந்த வீட்டில், ஒரு முகமாவது தெரிந்த முகமாக இருக்கட்டும் என்று லாயத்தம்மா நினைத்தாள்.

வாத்தியார் ஒரு நிமிடம் யோசித்தார். அடுத்த நிமிடம் சம்பந்தி வீட்டார் நாற்பது பேர் முன்னால் போய் நின்றார்.

"எங்க வீட்டுல பொறந்து வளர்ந்த பிள்ளைய உங்களுக்குக் குடுத்துட்டோம். அவ கூடவே வளர்ந்த குதிரையையும் குடுக்கிறேன். இது எங்க அன்பளிப்பு."

சம்பந்தி வீட்டார் ரொட்டிக்கடைக்காரர்கள். குதிரையை எங்கே கட்டுவது, மாவு மூட்டைக்கும் அடுப்புக்கும் நடுவிலா என்று அவர்கள் மனதில் ஓடியது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் சம்பந்தியம்மா, உருண்டு திரண்ட உடம்பும் சிரித்த முகமுமாக இருப்பவர், முன்னால் வந்து, "ரொம்ப சந்தோசங்க. எங்க வீட்டுல ஒரு குதிரை இல்லாத குறைதான் இருந்துச்சு," என்றார். கூட்டம் கைதட்டியது. பொடியன் வாடகை லாரியில் ஏறிப் போனான்.

லாரி திரும்பியதுமே வக்கீல் ஆரம்பித்துவிட்டான்.

வேலியோரமாக மேற்கே ஓடுவான், நின்று கனைப்பான், காதைத் தூக்கிப் பதில் வருகிறதா என்று கேட்பான், திரும்பக் கிழக்கே ஓடுவான். சற்று நேரத்தில் மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டான். சாயங்காலத்துக்குள் வேலியை ஒட்டிப் புல் மிதிபட்டு ஒரு தடமே விழுந்துவிட்டது. பெரியம்மா மட்டும் ஓடவில்லை. பொடியன் வழக்கமாக நிற்கும் படலோரம் போய் நின்று தரையை முகர்ந்து பார்த்தது.

"ரெண்டு நாள்ல மறந்துடும். குதிரைக்கு என்ன தெரியும்," என்றார் வாத்தியார். முப்பது வருடம் குதிரையோடு வாழ்ந்தவர் சொல்கிற பேச்சா என்று லாயத்தம்மா நினைத்தாள். ஆனால் கேட்கவில்லை. அனுப்பச் சொன்னது தான்தானே.

மறக்கவில்லை. இரண்டாம் நாள் பாதித் தீவனம் தொட்டியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டியருகே ஒரே அடிதடி. பெரியம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகாது என்பதே அன்றுதான் லாயத்தம்மாவுக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் அவை இரண்டுக்கும் நடுவில் பொடியன் நுழைந்து நின்றுதான் தண்ணீர் குடித்திருக்கிறான். சின்னவன்தானே என்று இரண்டும் விட்டுக்கொடுத்திருக்கின்றன. இப்போது நடுவில் ஆளில்லை. மாப்பிள்ளையின் தோளில் பல் பதிந்த காயம்.

நான்காம் நாள் மகள் போன் செய்தாள்.

"எப்படிம்மா இருக்கீங்க? பெரியம்மா, வக்கீல் எல்லாம் நல்லா இருக்கா?"

"அதுங்களுக்கு என்ன, ஜாம்ஜாம்னு இருக்கு. நீ எப்படி இருக்க? பொடியன் எப்படி இருக்கான்?"

"அவனா? ராஜா மாதிரி இருக்கான்மா."

அந்தப் பக்கம் தொண்டை கட்டிய மாதிரி ஒரு நீண்ட சத்தம் கேட்டது.

"என்னடி சத்தம் அது?"

"வேன் ஹாரன்மா. ரிப்பேர் ஆயிருக்கு."

அதே நேரம் இந்தப் பக்கம் வக்கீல் வானத்தைப் பார்த்துக் கனைத்தான்.

"அங்க என்னம்மா சத்தம்?"

"லாரிடி. ரோட்டுல ஒரே லாரி." பேச்சை மாற்ற நினைத்த லாயத்தம்மாவுக்கு வாய் தவறிவிட்டது. "மாப்பிள்ளைதான் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. உடம்பு பாதியா போச்சு."

மகளுக்குப் பதில் சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது.

"யாரு சம்பந்தி சாப்பிடல? என் பிள்ளையா? இப்பதான் ரெண்டாவது தட்டையும் வழிச்சுட்டு எந்திரிச்சுப் போறான்."

"ஐயோ, உங்க பிள்ளை இல்லைங்க. எங்க மாப்பிள்ளை. வெள்ளையா இருக்குமே..."

"என் பிள்ளை கறுப்புதான், அதுக்கு என்ன இப்ப?"

விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் லாயத்தம்மாவுக்கு வியர்த்துவிட்டது. அன்றே வாத்தியார் அந்தக் குதிரைக்கு வேறு பெயர் வைக்க முயன்றார். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் வாத்தியார் செங்கல் சூளைக்காரரிடம் ஒரு கழுதையைக் கேட்டு ஓட்டிவந்தார். "உயரம் ஒண்ணு, நிறம் ஒண்ணு. அதுங்களுக்கு வித்தியாசம் தெரியாது," என்றார். கழுதை உள்ளே போய், ஆறு பெரிய முகங்கள் தன்னை நோக்கித் திரும்பியதைப் பார்த்தது. ஒரே ஓட்டம். மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, வேலியின் அடிக்கட்டைக்குக் கீழே நுழைந்து, நேராகச் சூளைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

லாயத்தம்மா பகலில் வேலைக்கு நடுவே வேலியோரம் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினாள். காலை வகுப்பு முடிந்து மத்தியான வெயில் இறங்கும் நேரத்தில் குதிரைகள் மணலில் படுத்துக் கொஞ்சம் தூங்கும். இப்போது ஒன்றுகூடப் படுக்கவில்லை. நின்றபடியே கண் சொருகும், தலை தொங்கும், திடுக்கென்று விழிக்கும், படல் பக்கம் பார்க்கும். வருடக்கணக்காகச் சும்மா நின்றான் என்று அவள் நினைத்திருந்த பொடியன் அங்கே நின்றது சும்மா இல்லை. அவன் காவலுக்கு நின்றிருக்கிறான். அவன் நின்றதால்தான் மற்றவை படுத்திருக்கின்றன. தினம் மூன்று வேளை தீவனம் வைத்த கண்ணுக்கு இது ஏன் படவில்லை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் வகுப்பு நடக்கும்போது பெரியம்மாவின் முன்னங்கால் இரண்டும் மடங்கின. முதுகில் இருந்தவர் ஊரில் தையற்கடை வைத்திருக்கும் அம்மாள். குதிரையின் கழுத்து வழியாகச் சறுக்கி, பதமாகத் தரையில் வந்து உட்கார்ந்தார். அடி படவில்லை. "குதிரை கும்பிடு போட்டுச்சா வாத்தியாரே?" என்று சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பை நிறுத்தி, கால்நடை டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

டாக்டர் சின்னப் பெண். குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார், ஈறைப் பார்த்தார், கால்களைத் தடவினார்.

"உடம்புல ஒண்ணும் இல்ல. இதுங்க எல்லாம் தூங்கியே பல நாள் இருக்கும். நின்னுக்கிட்டுத் தூங்குறது பாதித் தூக்கம்தான். முழுசா தூங்கணும்னா படுக்கணும். படுக்கணும்னா பயம் இல்லாம இருக்கணும். கூட இருந்தது ஏதாச்சும் செத்துப்போச்சா?"

"சாகலைங்க. கல்யாணத்துல குடுத்துட்டோம்," என்றாள் லாயத்தம்மா.

டாக்டர் பையை மூடிக்கொண்டார். "இதுக்கு என்கிட்ட ஊசி இல்ல. திருப்பி வாங்கிட்டு வாங்க."

அவர் போன பிறகு புருஷனும் மனைவியும் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

"போய்க் கேட்டுப் பாப்போங்க."

"நாற்பது பேரு முன்னாடி குடுத்ததைத் திருப்பிக் கேட்கச் சொல்றியா? அதுவும் சம்பந்தி வீட்டுல? கல்யாணம் ஆகி ரெண்டு வாரம்கூட ஆகல. நாளைக்கு நம்ம பொண்ணைப் பாத்து, உங்கப்பன் குடுத்ததைப் புடுங்கிக்கிட்டாருன்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொன்னா சொல்லட்டும்."

"போய்க் கேட்க எனக்கு மூஞ்சி இல்ல."

"உங்க மூஞ்சிய நீங்களே வெச்சுக்குங்க. நான் போறேன்."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, மறுநாள் முழுக்க அவள் போகவில்லை. காரணம் வாத்தியாரிடம் சொல்ல முடியாதது. ஆறு குதிரைகள் தூங்க வேண்டும் என்று பொடியனை ஓட்டிவந்துவிடலாம். மகள்? புது வீட்டில் யாரோடும் ஒட்டாமல், கொல்லையில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருப்பாளோ என்னவோ. அதையும் பிடுங்குவதா? இந்தப் பக்கம் பெரியம்மா கால் மடங்கி நிற்கிறது, அந்தப் பக்கம் பெற்ற பெண். நாளெல்லாம் தவிட்டில் கைவைத்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில், முதலில் போய்ப் பார்ப்போம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று பதினோராம் நாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

ரொட்டிக்கடையில் கல்லாவில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"வாங்க, வாங்க சம்பந்தி. சொல்லாம கொள்ளாம... உக்காருங்க. சூடா பன் சாப்பிடுங்க."

"பொண்ணு எங்கங்க?"

"அவ உள்ள... இல்ல, வெளிய... பின்பக்கம் மட்டும் போகாதீங்க, அடுப்பு ரொம்பச் சூடு."

பின்பக்கமிருந்து அந்தத் தொண்டை கட்டிய சத்தம் வந்தது. வேன் ஹாரன் இல்லை. லாயத்தம்மா மாவு மூட்டைகளைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, விறகு அடுக்கைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள்.

பொடியன் மதிலைப் பார்த்தபடி நின்றிருந்தான். விலா எலும்பு தெரிந்தது. அவன் இடப்பக்கம் மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு மகள் உட்கார்ந்து பிரஷ்ஷால் அவன் தோளைச் சொறிந்துகொண்டிருந்தாள். வலப்பக்கம், அவன் உடம்போடு உடம்பு ஒட்டி, தோளோடு தோள் சாய்த்து, சம்பந்தியம்மா நின்றிருந்தார். ஒரு கையில் தவிட்டுக் கூழ்ச் சட்டி. மறு கையில் பன். வாய் நிறைய பன்.

லாயத்தம்மாவைப் பார்த்ததும் அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அம்மா," என்று மகள் எழுந்தாள். பொடியன் தலையைத் திருப்பினான். லாயத்தம்மாவின் வாசனை பட்டதும் அவன் தள்ளாடிக்கொண்டே வந்து, அவள் வயிற்றில் நெற்றியை வைத்து முட்டி நின்றான்.

"என்னங்க சம்பந்தி இது?" என்று கேட்டாள் லாயத்தம்மா.

சம்பந்தியம்மா ஒருவழியாக விழுங்கினார். "மன்னிச்சுக்குங்க சம்பந்தி. நல்லாத்தான் பாத்துக்கிட்டோம். வந்த நாள்லேருந்து மதிலையே பாத்துக்கிட்டுக் கத்துறாரு. தனியா விட்டா ஒரு வாய் திங்க மாட்டாரு. பக்கத்துல யாராச்சும் ஒட்டி நின்னு, கூடவே மென்னாத்தான் அவரும் மெல்லுவாரு. மருமக மெதுவா மெல்லுவா, பாதியில நிறுத்திடுவா. அதான் நான் நிக்கிறேன். மூணு வேளையும். இந்தப் பதினோரு நாள்ல நான் ரெண்டு சுத்து பெருத்துட்டேன், அவரு இளைச்சுட்டாரு."

"அத்தை பன் தின்னா மட்டும்தான்மா திங்கிறான். பிஸ்கட் தின்னா நம்ப மாட்டேங்குறான், சத்தம் வேற மாதிரி இருக்காம்," என்றாள் மகள். மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, சம்பந்தியம்மா, "சும்மா இருடி, உங்கம்மா முன்னாடி," என்று சொல்லிக்கொண்டே தானும் குலுங்கினார்.

"ஏன்டி போன்ல சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? அப்பா அவ்வளவு பேரு முன்னாடி குடுத்தது. திருப்பி அனுப்பினா அவமானமா நினைப்பாரேன்னு அத்தைக்குப் பயம்."

"சீதனத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு பேரு வந்துடுமே சம்பந்தி," என்றார் சம்பந்தியம்மா.

லாயத்தம்மா கவிழ்த்துப் போட்ட டின்னில் உட்கார்ந்தாள். தண்ணீர்த் தொட்டி அடிதடி, செங்கல் சூளைக் கழுதை, தையற்கடை அம்மாள் சறுக்கியது, டாக்டர் சொன்னது என்று எல்லாவற்றையும் சொன்னாள். சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டே அனிச்சையாக இன்னொரு பன்னைக் கடித்தார். உடனே பொடியனும் சட்டியில் வாய் வைத்தான்.

"அப்ப கூட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டபோது அவர் குரலில் இருந்த ஆசையை மறைக்கவே முடியவில்லை.

லாயத்தம்மா மகளைப் பார்த்தாள். "உனக்குச் சம்மதமா? உனக்குத் துணையா இருக்கட்டும்னுதான் அனுப்பினேன்."

"தெரியும்மா. எனக்கு ஒண்ணும் குறை இல்ல. இவனுக்குத்தான் துணை இல்ல. கூட்டிட்டுப் போ."

உண்மையாகவே சொல்கிறாளா, தாய்க்காகச் சொல்கிறாளா என்று லாயத்தம்மா அவள் முகத்தை ஆராய்ந்தாள். கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. கண்ணில் அழுத சுவடு இல்லை. தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காக இருக்கிற முகம். பொடியனைத் தேற்றுகிறோம் என்று பதினோரு நாள் அவனுக்கு இரண்டு பக்கமும் இருந்த மாமியாரும் மருமகளும் அவன் முதுகுக்கு மேலே பேசிப் பேசியே பழகிவிட்டிருந்தார்கள். லாயத்தம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிக்குள்ளே ஒரு சின்னப் பொறாமையும் குத்தியது. அதை அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

ரொட்டி போடுகிற வேனில் தட்டுகளை எடுத்துவிட்டு வைக்கோல் பரப்பினார்கள். மருமகன்தான் ஓட்டினார். வழியில் பொடியன் சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று சம்பந்தியம்மாவும் ஒரு பை பன்னோடு ஏறிக்கொண்டார்.

"நீயும் வாயேன்டி, சாயங்காலம் திரும்பிடலாம்," என்றாள் லாயத்தம்மா.

"கடையில யாரும்மா இருக்கிறது? மத்தியானம் கூட்டம் வரும். மாமா தனியா திணறிடுவாரு," என்று மகள் கல்லாவுக்கு ஓடிவிட்டாள். வேன் புறப்பட்டபோது அங்கிருந்தே கையை ஆட்டினாள். மறு கையால் யாருக்கோ ரொட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போது பொடியனின் காதுகள் எழுந்தன. கட்டிய தொண்டையால் கனைத்தான். பதில் இல்லை. மறுபடி கனைத்தான். காற்றில் எங்கோ தொலைவில் வக்கீலின் குரல் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து. வேனுக்குள் பொடியன் நாலு காலையும் மாற்றி மாற்றி உதைத்ததில் வண்டி ஆடியது.

"அம்மா, வண்டிய ஒடச்சுடுவான் போல," என்றார் மருமகன் முன்னாலிருந்து.

"ஒடைக்கட்டும், நீ வேகமா போ," என்றார் அவர் தாய்.

ஆறு குதிரைகளும் வேலியோரம் நெருக்கியடித்து நின்றன. வாத்தியார் வெளியே ஓடிவந்து, வேனை நோக்கிப் பாயப் போன வெள்ளையனைப் பார்த்துக் கத்தினார்: "மாப்பிள்ளை, ஓரமா போடா."

வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மருமகன் மரியாதையாக ஓரமாகப் போய் நின்றார்.

வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பன் பை கீழே விழுந்தது.

படலைத் திறந்ததும் பெரியம்மாதான் முதலில் வந்தது. மூக்கோடு மூக்கு வைத்து நீளமாக மூச்சை இழுத்தது. அடுத்த நொடி கீச்சென்று கத்தி, முன்னங்காலால் தரையை உதைத்து, பொடியனின் கழுத்தில் நறுக்கென்று ஒரு கடி.

"ஐயையோ, கடிக்குது சம்பந்தி."

"திட்டுதுங்க. எங்கடா போனேன்னு கேட்குது."

பிறகு கடித்த இடத்திலேயே பெரியம்மா பல்லால் மெதுவாகச் சொறிந்துவிட்டது. பொடியனும் எட்டிய மட்டும் அதன் தோளைச் சொறிந்தான். ஒவ்வொன்றாக வந்து முகர்ந்து பார்த்தன. வக்கீல் இரண்டு முறை வந்து பார்த்தான். அரை மணி நேரத்தில் பொடியன் படலோரம் போய்ச் சாலையைப் பார்த்து நின்றுகொண்டான். பெரியம்மா மணலை ஒரு சுற்றுச் சுற்றி, முழங்காலை மடக்கி, பொத்தென்று சாய்ந்தது. அடுத்து மாப்பிள்ளை. ஒவ்வொன்றாக ஆறும் காலை நீட்டிக் கிடந்தன.

"செத்துட்டுதா எல்லாம்?" என்று சம்பந்தியம்மா நெஞ்சில் கைவைத்தார். அதற்குள் பெரியம்மாவின் குறட்டை கிளம்பியது.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு மருமகனிடம், "குடுத்தது குடுத்ததுதான். குதிரை உங்களோடதுதான். நாங்க சும்மா பாத்துக்கிறோம், அவ்வளவுதான்," என்றார். "ஆமாங்க மாமா, எங்களோடதுதான்," என்றார் மருமகன். மரியாதை இரண்டு பக்கமும் காப்பாற்றப்பட்டது. இருவரும் டீ குடிக்க உள்ளே போனார்கள்.

பெண்கள் இருவரும் வேலியோரம் நின்றார்கள். சம்பந்தியம்மா வேலிக் கட்டையில் முழங்கையை ஊன்றி, விரல் நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அந்தக் கறுப்பனுக்கு யாரு சிநேகிதம்?"

"கோடியில படுத்திருக்கே, அந்தச் செவலை."

"வெள்ளையனுக்கு?"

"அவனுக்குப் பொடியன்தான். வேற யாரையும் பக்கத்துல சேர்க்க மாட்டான்."

"உங்களுக்கு யாரு சம்பந்தி?"

லாயத்தம்மா யோசித்தாள். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து குதிரை, புருஷன், பிள்ளை. பேச வேண்டியதை எல்லாம் மகளிடம்தான் பேசியிருக்கிறாள். "எனக்கு எங்கங்க பொழுது?" என்றாள்.

சம்பந்தியம்மா தூங்கும் குதிரைகள் பக்கம் திரும்பினார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "புதன்கிழமை எங்க கடைக்கு லீவு," என்றார்.

லாயத்தம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வர்றதுனா காலையில முதல் பஸ்ஸுக்கே வந்துடுங்க. லத்தி அள்ளணும்."

"மம்பட்டி நான் கொண்டு வரணுமா, இங்கயே இருக்கா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.